ஏழரைத் தலை உயரம்

செவ்வாய் இரவு. வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
சாஸ்கட்டூனில் ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில்
ஒரு மனிதர் அங்கியைக் கழற்றி
நாற்காலி முதுகில் மடித்துப் போடுகிறார்.
அவ்வளவுதான்.
ஹீட்டர் இரண்டும் அவர் பக்கம் திரும்பியிருக்கின்றன.

பன்னிரண்டு பேரும்
ஒரே நேரத்தில் பென்சில் சீவத் தொடங்குகிறோம்.
என் பென்சில் ஏற்கெனவே கூராகத்தான் இருந்தது.

கையை நீட்டு, ஒரு கண்ணை மூடு,
பென்சில் நுனியால் அவர் தலையை அள,
என்கிறாள் ஓக்சானா.
உடம்பு ஏழரைத் தலை உயரமாம்.
எண்சாண் என்றுதான் எனக்குத் தெரியும்.
ஏழரை என்றால் எங்களுக்கு
பிடித்து ஆட்டுவது.
ஆட்டத்தான் செய்தது.

கேசாதிபாதமாக இறங்கினேன்:
முன்வழுக்கை, புருவம்,
ஒரு காதுக்கே பதினைந்து நிமிடம்.
கழுத்துக்குக் கீழே அவசரம்,
தொப்புளுக்குக் கீழே இன்னும் அவசரம்.
என்னை யாரும் கவனிக்கவில்லை என்பதைக்
கவனித்துக்கொண்டே வரைந்ததில்
முழங்காலோடு தாள் முடிந்துவிட்டது.

பகலில் எனக்கு இழப்பீட்டு அலுவலகத்தில் வேலை.
ஒவ்வொரு விண்ணப்பத்திலும் அச்சிட்ட உருவம் இருக்கும்,
முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று.
வலிக்கும் இடத்தில் பெருக்கல் குறி இடவும்.
பதினோரு வருடமாக
அந்தக் குறிகளை எண்களாக மாற்றுகிறேன்.
அதற்கு முகம் இல்லை,
ஆணா பெண்ணா தெரியாது,
விரல் பிரியாத கைகள், கையுறை போட்டதுபோல.
தள்ளி நின்று என் தாளைப் பார்த்தேன்.
அதே ஆள்தான்.
காது மட்டும் உபரி.

ஓக்சானா எதுவும் சொல்லவில்லை.
தொண்டைக்குழியில் கரியை வைத்து
நேராகக் கீழே இழுத்தாள்,
தாளையும் தாண்டிப் பலகையின் விளிம்புவரை.
எந்தக் கால்மேல் விழுகிறது பார்.

பார்த்தேன்.
முழு மனிதரும் இடது காலில் இருந்தார்.
வலது கால் சும்மா கூட வந்திருந்தது,
கல்யாணத்துக்கு வந்த தூரத்து உறவுபோல.
அதனால் இடுப்பு இடப்புறம் ஏறி,
அதற்கு ஈடாக அந்தப் பக்கத் தோள் இறங்கி,
இவ்வளவு பேரமும் நடப்பது தெரியாமல்
தலை மட்டும்
உயரத்து ஜன்னலில் பனியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இடைவேளையில் அங்கியோடு வந்து நின்றார்,
ஆரஞ்சு உரித்தபடி. பெயர் லாய்ட்.
என் கால்கள் எங்கே?
தாள் முடிந்துவிட்டது, என்றேன்.
எல்லோரும் இதையேதான் சொல்கிறீர்கள்.
ஆறு வருடத்தில் கால் உள்ள படம்
நாலோ ஐந்தோ தேறும்.
ஒரு சுளை நீட்டினார்.
கரி விரலால் வாங்கி
கரியோடு தின்றேன்.

கடைசி இருபது நிமிடம். புதுத் தாள்.
மனிதரைத் தலையிலிருந்து பாடு,
தெய்வத்தை மட்டும் பாதத்திலிருந்து
என்று பள்ளிக்கூடத்தில் படித்தது.
இலக்கணம் பொறுத்துக்கொள்ளட்டும்.
இடது குதிகாலில் தொடங்கினேன்.
வெடிப்பு. புடைத்த கணுக்கால்.
சாக்ஸின் ரப்பர் பதித்துவிட்டுப் போன வளையம்.
கெண்டைக்காலில் ஒரு பழைய தையல்,
அதன் கதையை நான் கேட்கவில்லை.
எடை ஏறும் வழியிலேயே நானும் ஏறினேன்.
இம்முறை தாடையோடு தாள் தீர்ந்தது.
லாய்டுக்குப் பரவாயில்லையாம்.
தலையை எல்லோரும் போட்டுவிடுகிறார்களாம்.

திரும்பும் பேருந்தில்
அத்தனை பேரும் கோட்டுக்குள் மூட்டை மூட்டையாக.
ஆனாலும் எனக்குத் தெரிந்தது,
கம்பியைப் பிடித்து நின்ற அந்தப் பெண்
வலது காலை நம்பவில்லை.

புதன் காலை முதல் விண்ணப்பம்.
தானியக் கிடங்கில் ஏணியிலிருந்து விழுந்த ஒருவர்.
இடுப்பில் பெருக்கல் குறி,
தாள் கிழியும் அளவுக்கு அழுத்தி.
அச்சு உருவம் இரண்டு கால்களையும்
ஒரே மாதிரி தொங்கவிட்டுக்கொண்டிருந்தது.
அதன் கீழே தரை இல்லை.
இத்தனை வருடமும் இருந்ததில்லை.

எண்ணை எழுதும் முன்,
பிறகு அழித்துவிடலாம் என்று பென்சிலால்
அந்தப் பாதங்களுக்குக் கீழே
ஒரு கோடு போட்டேன்.